முதல் மழை எதைக் கழுவிக்கொண்டு போகிறது?



வெள்ளவத்தையில் நாங்கள் குடியிருந்த ஒழுங்கையின் முடிவில் ஒரு கராஜ் இருந்தது. பெரிய இடம் அல்ல. பாதி தகரக் கூரை, பாதி திறந்த முற்றம். அந்த முற்றத்தில் பழைய எஞ்சின்கள், மூடியில்லாத எண்ணெய்ப் பரல்கள், இற்றுப்போன பற்றறிகள், ரயர்கள் எல்லாம் கிடக்கும். வெயில் காலத்தில் அதனால் யாருக்கும் தொல்லை தெரியவில்லை. சத்தத்தைத் தவிர வேறு குறை ஒன்றும் நாங்கள் சொன்னதில்லை.

ஒரு ஐப்பசி மாதத்து முதல் மழை அன்று, ஒழுங்கையின் கானில் ஓடிய தண்ணீரில் மயில் கழுத்து நிறத்தில் ஒரு படலம் மிதந்து போனது. பிள்ளைகள் அதைக் கண்டு வானவில் என்று துள்ளினார்கள். நாங்களும் சிரித்தோம். பக்கத்து வீட்டு அக்கா மட்டும் சிரிக்கவில்லை. அவர் சுன்னாகத்துப் பெண். 1995 இடப்பெயர்வில் ஊரை விட்டு வெளிக்கிட்டு, சாவகச்சேரி, வவுனியா என்று அலைந்து கொழும்புக்கு வந்தவர். யுத்தம் முடிந்தபின் ஆசையோடு ஊருக்குப் போய் வீட்டைத் திருத்தினார். நான்கு வருடத்தில் திரும்பவும் மகளோடு இருக்க வெள்ளவத்தைக்கே வந்துவிட்டார்.

"இந்த மணம் எனக்குத் தெரியும்" என்றார் அக்கா. "எங்கட கிணத்துத் தண்ணி இப்பிடித்தான் மணந்தது."

கராஜ் முற்றத்தில் விழுந்த மழைக்கும் சுன்னாகத்துக் கிணற்றுக்கும் என்ன தொடர்பு? அந்த அக்காவின் ஒரு சொல்தான் இந்தக் கட்டுரையை எழுத வைத்தது.

சுன்னாகத்தில் நடந்தது

யாழ்ப்பாணக் குடாநாட்டில் வருடம் முழுவதும் ஓடும் ஆறு இல்லை. எங்களுடைய ஆறு நிலத்துக்குக் கீழேதான் இருக்கிறது. அடியில் சுண்ணாம்புக்கல். அதில் வெடிப்புகளும் குகைகளும் நிறைய. மாரி மழை நிலத்தில் இறங்கி அந்தக் கல்லின் இடுக்குகளில் தங்குகிறது. அதைத்தான் கோடையில் கிணற்றிலிருந்து இறைக்கிறோம். இந்த வசதிக்குள் ஓர் ஆபத்தும் உண்டு. மண் படை தடிப்பாக உள்ள இடத்தில் தண்ணீர் மெதுவாக வடிந்து ஓரளவு சுத்தமாகும். சுண்ணாம்புக்கல்லில் அப்படியில்லை. மேலே சிந்தியது வெடிப்பு வழியாக விரைவில் கீழே போய்விடும். ஒரு வளவில் சிந்தியது அடுத்த வளவுக் கிணற்றில் தெரியும்.

சுன்னாகத்தில் நீண்ட காலமாக மின் உற்பத்தி நிலையம் இருந்தது. பின்னர் அதே வளவில் தனியார் நிறுவனம் ஒன்றும் எண்ணெயில் இயங்கும் மின் நிலையத்தை நடத்தியது. 2013, 2014 ஆம் ஆண்டுகளில் சுற்றுப்புறக் கிணறுகளில் எண்ணெய் கலந்திருப்பதை மக்கள் கண்டார்கள். தேசிய நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபை கிணறுகளைச் சோதித்தபோது, பெரும்பாலானவற்றில் எண்ணெயின் அளவு குடிநீருக்கு அனுமதிக்கப்பட்டதை விட அதிகமாக இருந்தது. 2015 இன் தொடக்கத்தில் மக்கள் வீதிக்கு இறங்கினார்கள். பவுசரில் தண்ணீர் வந்தது. பவுசர் வரும் நேரம் பார்த்து வாளியோடும் கானோடும் காத்து நின்றவர்கள் யார் என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

யார் காரணம் என்ற கேள்வியில் பல கதைகள் வந்தன. எண்ணெய் பழைய காலத்தில் சிந்தியது என்றார்கள். யுத்தத்தில் எண்ணெய்த் தாங்கிகள் குண்டுவீச்சுக்கு உள்ளானபோது பரவியது என்றார்கள். சூழலியலாளர் ரவீந்திர குணவர்தன காரியவசம் உயர் நீதிமன்றத்தில் அடிப்படை உரிமை வழக்குத் தாக்கல் செய்தார். 2019 ஏப்ரல் 4 ஆம் திகதி தீர்ப்பு வந்தது. நிலத்தடி நீரை மாசுபடுத்தியதற்கு அந்தத் தனியார் நிறுவனத்தைப் பொறுப்பாக்கி, 2 கோடி ரூபா நட்டஈடு செலுத்துமாறு நீதிமன்றம் கட்டளையிட்டது. பாதிக்கப்பட்ட கிணறுகளைக் கொண்ட 500 பேருக்கு, ஒருவருக்கு ஆகக்கூடியது 40,000 ரூபா என்பது கணக்கு.

தீர்ப்பு பெரிய தீர்ப்புத்தான். மாசுபடுத்தியவரே செலவை ஏற்கவேண்டும் என்ற கொள்கையை அது நிலைநாட்டியது. ஆனால் 40,000 ரூபாவுக்கு ஒரு கிணறு கட்ட முடியுமா? பாட்டன் காலத்துத் தண்ணீரை வாங்க முடியுமா? நிலத்துக்குள் இறங்கிய எண்ணெயை யாரும் கையால் அள்ளி எடுக்க முடியாது. ஆகவே தண்ணீரைக் காப்பதென்றால் அழுக்கு அதில் சேரும் முன்பே காக்கவேண்டும். சேர்ந்தபின் செய்வதெல்லாம் ஆறுதல் மட்டுமே.

கொழும்பில் மழை எங்கே போகிறது?

கொழும்பில் நாங்கள் குழாய்த் தண்ணீர் குடிக்கிறோம். அதனால் கானில் ஓடுவது எங்களைச் சேராது என்று நினைக்கிறோம். இந்த நகரத்தின் நீர் ஓட்டத்தைக் கொஞ்சம் தெரிந்துகொள்வோம்.

நகரத்தில் தண்ணீர் வெளியேற இரண்டு வழிகள் உண்டு. குசினி, மலசலகூடம் ஆகியவற்றின் கழிவு நிலத்தடிக் குழாய்களில் போகிறது. வெள்ளைக்காரர் காலத்தில், இற்றைக்கு நூறு வருடங்களுக்கு முன் அமைக்கப்பட்ட குழாய்கள் அவை. இரண்டாவது, வீதியோரக் கான். மழைநீர் இதில்தான் போகிறது. இந்தக் கானுக்கும் கால்வாய்க்கும் இடையில் சுத்திகரிப்பு எதுவும் கிடையாது. கானின் கம்பி மூடிக்குள் நாங்கள் ஊற்றும் எதுவும், கராஜ் முற்றம் கழுவிய எதுவும், நேரே கால்வாய்க்கும் அங்கிருந்து கடலுக்கும் போகிறது.

வெள்ளவத்தையில் காலி வீதிக்குக் கடற்பக்கமாக உள்ள ஒழுங்கைகளின் தண்ணீர் ரயில் பாதைக்குக் கீழால் கடலுக்குப் போகும். மற்றப் பக்கத்துத் தண்ணீர் கால்வாய்க்குப் போகும். வெள்ளவத்தைக் கால்வாயும் தெகிவளைக் கால்வாயும் கொழும்பின் உட்பகுதி வெள்ளத்தைக் கடலுக்குக் கொண்டுபோகும் இரண்டு வாய்கள். வடக்கே கொட்டாஞ்சேனை, கிராண்ட்பாஸ், புளூமெண்டால் பக்கத்துக்குச் சென் செபஸ்தியன் கால்வாய் உண்டு. அந்தப் பக்கத்து வெள்ளம் களனி கங்கைக்கும், முகத்துவாரத்துச் சுரங்க வழியாகக் கடலுக்கும் போகிறது. வேலைத்தலங்கள், களஞ்சியங்கள், லொறி நிறுத்துமிடங்கள், பழைய இரும்புக் கடைகள், சீமெந்து இறக்கும் முற்றங்கள் நெருங்கிய பகுதி அது. அங்கே பெய்யும் ஒவ்வொரு மழையும் இவற்றைக் கழுவிக்கொண்டுதான் போகிறது.

கால்வாய் வேறு, எங்கள் வீடு வேறு என்று நினைக்கவேண்டாம். முற்றங்களிலிருந்து வரும் மண்ணும் சீமெந்துத் தூளும் கால்வாயின் அடியில் படிகின்றன. கால்வாயின் ஆழம் குறைகிறது. பிறகு பெருமழை வந்தால் தண்ணீர் எங்கே போகும்? 2010 நவம்பரில் கொழும்பில் ஓர் இரவில் 400 மில்லிமீற்றருக்கு மேல் மழை பெய்தபோது பாராளுமன்ற வளவே வெள்ளத்தில் மூழ்கியது. அதன்பின் 2012 இல் உலக வங்கிக் கடனுதவியோடு கால்வாய்களைச் சீரமைக்கும் திட்டம் தொடங்கியது. வெள்ளம் வீட்டுக்குள் வரும்போது அது வெறும் மழைநீராக வருவதில்லை. வழியில் இருந்த அத்தனை அழுக்கையும் சுமந்துதான் எங்கள் பாயையும் அடுப்பையும் தேடி வருகிறது.

முற்றத்தில் என்ன இருக்கிறது?

மழைநீர் வானத்திலிருந்து விழும்போது அநேகமாகச் சுத்தமானது. விழுந்த இடம்தான் அதைக் கெடுக்கிறது. ஒரு வேலைத்தலத்து முற்றத்தில் என்ன இருக்கும் என்று பாருங்கள். வாகன எண்ணெய், கிறீஸ், பழைய பற்றறியின் ஈயமும் அமிலமும், வர்ணப்பூச்சு, இரும்புத் துரு, தேய்ந்த பிறேக்கிலிருந்து விழும் உலோகத் தூள், சாயத் தூள், சீமெந்துத் தூள், கிழிந்த உரப் பை. இவையெல்லாம் வெயில் காலம் முழுவதும் மெல்ல மெல்லச் சேர்கின்றன.

ஒரு கணக்குச் செய்வோம். ஒரு சதுர மீற்றர் நிலத்தில் ஒரு மில்லிமீற்றர் மழை பெய்தால் அது ஒரு லீற்றர் தண்ணீர். 40 பேர்ச்சஸ் முற்றம் என்பது ஏறத்தாழ 1,000 சதுர மீற்றர். கொழும்பில் ஒரு நல்ல மழைக்கு 50 மில்லிமீற்றர் சாதாரணம். அப்படியென்றால் அந்த ஒரு முற்றத்திலிருந்து ஒரு மழைக்கு 50,000 லீற்றர் தண்ணீர் வெளியேறுகிறது. வீட்டுக் கூரையில் வைக்கும் 1,000 லீற்றர் கறுப்புத் தாங்கிகள் ஐம்பதை அந்த முற்றத்தில் கவிழ்த்து ஊற்றியதற்குச் சமம் அது. அது முற்றத்தை எப்படிக் கழுவும் என்று யோசித்துப் பாருங்கள். ஒரு லீற்றர் கழிவு எண்ணெய் பத்து இலட்சம் லீற்றர் நல்ல தண்ணீரைப் பழுதாக்கக்கூடும் என்று அமெரிக்காவின் சுற்றாடல் பாதுகாப்பு முகவரகம் மக்களை எச்சரிக்கிறது.

எல்லா மழையும் ஒரே அளவு அழுக்கைக் கொண்டுபோவதில்லை. நீண்ட வெயிலுக்குப் பிறகு வரும் முதல் மழை, அதிலும் அதன் முதல் அரை மணித்தியாலம், மிகக் கூடுதலான அழுக்கைக் கொண்டுபோகும். கிராமத்தில் கூரைத் தண்ணீரைப் பிடிக்கும்போது அம்மாமார் முதல் மழையைத் தொட்டிக்கு விடமாட்டார்கள். கூரை கழுவுப்பட்டபின்தான் பீலியைத் தொட்டிக்குத் திருப்புவார்கள். அது அனுபவ அறிவு. பெரிய தொழிற்சாலைகளில் பொறியியலாளர்கள் செய்வதும் அதைத்தான். முதல் மழை நீரைத் தனித் தொட்டியில் பிடித்துச் சுத்தம் செய்தபின் விடுகிறார்கள். பின்னால் வரும் தண்ணீரை நேரே போகவிடுகிறார்கள்.

ஓர் இரவில் சிவந்த ஆறு

எங்கள் உறவினர் பலர் வாழும் சுவிற்சர்லாந்தில் பாசல் நகரம் உண்டு. ரைன் ஆறு அதனூடாகத்தான் ஓடுகிறது. 1986 நவம்பர் 1 ஆம் திகதி அதிகாலை, பாசலுக்கு அருகே ஓர் இரசாயனக் களஞ்சியம் தீப்பிடித்தது. உள்ளே இருந்தவை ஏறத்தாழ 1,300 தொன் விவசாய இரசாயனங்கள். தீயணைப்புப் படை தண்ணீரைப் பாய்ச்சித் தீயை அணைத்தது. அந்தத் தண்ணீரைப் பிடித்து வைக்க அங்கே தொட்டி இல்லை. நஞ்சு கலந்த தண்ணீரில் பெரும்பகுதி மழைநீர் வடிகால் வழியே ஆற்றில் இறங்கியது. ரைன் ஆறு சிவப்பாக ஓடியது. ஒரு இலட்சத்துக்கு மேற்பட்ட விலாங்கு மீன்கள் செத்து மிதந்தன. கீழே ஜேர்மனியிலும் நெதர்லாந்திலும் ஆற்று நீரை எடுப்பதை நிறுத்தவேண்டி வந்தது. அதன்பிறகுதான் அந்த ஆற்றோரத் தொழிற்சாலைகளில் இத்தகைய நீரைத் தேக்கி வைக்கும் தொட்டிகள் கட்டப்பட்டன. அமெரிக்காவும் அடுத்த வருடம், 1987 இல், தனது நீர்ச் சட்டத்தைத் திருத்தி, தொழிற்சாலை முற்றத்து மழைநீருக்கும் அனுமதிப்பத்திரம் வேண்டும் என்றது.

எங்கள் நாட்டிலும் இதற்குக் கிட்டிய சம்பவம் உண்டு. 2015 ஓகஸ்ட் மாதம் கடுவலைப் பக்கத்தில் ஒரு குளிர்பானத் தொழிற்சாலையிலிருந்து டீசல் கசிந்து களனி கங்கையில் கலந்தது. கொழும்புக்குக் குடிநீர் எடுக்கும் அம்பத்தலை அதற்குக் கீழ்ப்பக்கத்தில் இருக்கிறது. அங்கே நீர் எடுப்பதை நிறுத்தவேண்டி வந்தது. மத்திய சுற்றாடல் அதிகார சபை அந்தத் தொழிற்சாலையின் அனுமதிப்பத்திரத்தை இடைநிறுத்தியது. வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் நாங்கள் திறக்கும் குழாய்க்கு வரும் தண்ணீர் களனித் தண்ணீர்தான். ஆற்றங்கரையில் எங்கோ ஒரு வளவில் துருப்பிடித்த குழாய் எங்கள் தேநீர்க் கோப்பை வரை வந்துவிடுகிறது.

காலம் தாழ்த்தினால் என்ன செலவாகும் என்பதற்கு லுணாவ வாவி சாட்சி. இரத்மலானைக்கும் மொரட்டுவைக்கும் இடையில் கடலோரத்தில் உள்ள அந்த வாவியில் ஒரு காலத்தில் மீன்பிடித்துப் பிழைத்தார்கள். சுற்றிவரத் தொழிற்சாலைகள் பெருகின. அவற்றின் கழிவும் வீடுகளின் கழிவும் வாய்க்கால் வழியாக வாவியில் சேர்ந்தன. மீன் இல்லாமல் போனது. 2000 ஆம் ஆண்டுகளில் யப்பான் கடனுதவியோடு வாவியையும் வாய்க்கால்களையும் சீரமைத்தார்கள். அதற்காக வாய்க்கால் கரைகளில் இருந்த நூற்றுக்கணக்கான குடும்பங்கள் இடம் மாறவேண்டி வந்தது. வீடு விட்டுப் போவது என்றால் என்ன என்று எங்களுக்குத் தெரியும்.

தொழில் செய்பவர் என்ன செய்யவேண்டும்?

தொழிலை மூடு என்று யாரும் சொல்லவில்லை. எங்கள் பிள்ளைகளும் அங்கேதான் வேலை செய்கிறார்கள். செய்யவேண்டியவற்றில் அநேகம் செலவு குறைந்தவை.

முதலாவது, கூரை. மழை படாத பொருளை மழை கழுவாது. எண்ணெய்ப் பரல், பற்றறி, சாயம், உரம், பழைய எஞ்சின் ஆகியவற்றுக்கு மேலே நாலு தகரம் போட்டாலே பாதி வேலை முடிந்தது.

இரண்டாவது, வரம்பு. எண்ணெய்த் தாங்கியைச் சுற்றிச் சீமெந்தால் தாழ்ந்த சுவர் கட்டவேண்டும். தாங்கி உடைந்தாலும் எண்ணெய் வெளியே போகாமல் உள்ளேயே நிற்கவேண்டும். ஆகப் பெரிய தாங்கி கொள்ளும் அளவை விடப் பத்து வீதம் கூடுதலாக அந்தத் தொட்டி கொள்ளவேண்டும் என்பது உலகெங்கும் உள்ள வழக்கம்.

மூன்றாவது, விளக்குமாறு. முற்றத்தைக் குழாயால் அடித்துக் கழுவுவது சுத்தம் போலத் தெரியும். உண்மையில் அழுக்கைக் கானுக்கு இடம் மாற்றுவதுதான் அது. கூட்டி அள்ளவேண்டும். எண்ணெய் சிந்தினால் மரத்தூளோ மணலோ போட்டு ஊறவைத்து அள்ளவேண்டும். சவர்க்காரத் தூள் போட்டுக் கழுவக்கூடாது. முக்கியமாக, மாரி தொடங்கும் முன் ஒரு பெரிய துப்புரவு செய்யவேண்டும்.

நான்காவது, எண்ணெய் பிரிக்கும் தொட்டி. இறைச்சிக் கறி ஆறியபின் எண்ணெய் மேலே நிற்கும், தூள் அடியில் படியும் அல்லவா? அதே விதிதான். மூன்று அறை கொண்ட தொட்டியில் முற்றத்துத் தண்ணீரை மெதுவாக ஓடவிடுகிறார்கள். மண் அடியில் தங்கும். எண்ணெய் மேலே மிதக்கும். ஓர் அறையிலிருந்து அடுத்த அறைக்குப் போகும் குழாயின் வாய் தண்ணீருக்குள் கீழ்நோக்கி இருக்கும். அதனால் நடுவில் உள்ள தெளிந்த தண்ணீர் மட்டும் போகும். மேலே சேர்ந்த எண்ணெயையும் அடியில் சேர்ந்த சேற்றையும் அடிக்கடி அள்ளாவிட்டால் இந்தத் தொட்டியால் பயன் இல்லை. சவர்க்காரம் சேர்ந்தாலும் பயன் இல்லை. சவர்க்காரம் எண்ணெயைத் தண்ணீரோடு கலந்துவிடும்.

ஐந்தாவது, பிரிப்பு. கூரையில் விழும் நல்ல தண்ணீரை அழுக்கு முற்றத்தில் விழவிடக்கூடாது. பீலி வைத்துத் தனியாகக் கொண்டுபோகவேண்டும். அப்படிச் செய்தால் சுத்தம் செய்யவேண்டிய தண்ணீரின் அளவு குறையும். பெரிய களஞ்சியங்களில் கானின் கடைசி இடத்தில் ஒரு அடைப்புக் கதவும் வேண்டும். தீயோ கசிவோ வந்தால் அதை மூடிவிடலாம். பாசலில் இல்லாமல் போனது அதுதான்.

எங்கள் வளவுகளையும் பார்ப்போம்

குற்றம் சொல்லும்போது எங்கள் கையையும் பார்க்கவேண்டும். யுத்தத்தில் குடும்பத் தலைவரை இழந்த எத்தனையோ பெண்கள் வாழ்வாதார உதவியால் சிறு தொழில் தொடங்கியிருக்கிறோம். பத்திக் துணிக்குச் சாயம் தோய்க்கிறோம். மிளகாய் அரைக்கிறோம். மகன் வீட்டு முன்றலில் மோட்டார் சைக்கிள் திருத்துகிறான். செட்டியார் தெருவை அண்டிய நகைப் பட்டறைகளில் அமிலம் பாவிக்கிறார்கள். இந்தச் சாயமும் எண்ணெயும் அமிலமும் கானில் ஊற்றப்பட்டால் அதுவும் அதே கால்வாய்க்குத்தான் போகிறது. கழிவு எண்ணெயைப் பழைய கானில் சேர்த்து வைத்தால் அதை வாங்க ஆட்கள் உண்டு. பழைய பற்றறியையும் வாங்குவார்கள். சாயத் தண்ணீரை மழை நாளில் வெளியே ஊற்றும் பழக்கத்தை விடவேண்டும். மழையோடு மழையாகப் போய்விடும் என்று நாங்கள் நினைப்பது, கராஜ்காரர் நினைப்பதிலிருந்து வேறல்ல.

வடக்கில் உள்ள சகோதரிகளுக்கு ஒரு விசேட எச்சரிக்கை. மழைநீரை நிலத்துக்குள் இறக்குங்கள் என்று எல்லோரும் சொல்கிறார்கள். கூரையிலிருந்து வரும் சுத்தமான நீருக்கு அது நல்ல ஆலோசனை. கிணற்று நீர் ஊறும், உவர் குறையும். ஆனால் கராஜ் முற்றத்துத் தண்ணீரையோ, எண்ணெய் மில், எரிபொருள் நிலைய முற்றத்துத் தண்ணீரையோ குழி வெட்டி நிலத்துக்குள் இறக்குவது கிணற்றுக்குள் நேரே ஊற்றுவதற்குச் சமம். எங்கள் கீழே இருப்பது வெடித்த சுண்ணாம்புக்கல் என்பதை மறக்கவேண்டாம்.

யாரிடம் சொல்வது? பயம் இல்லாமல் எப்படிச் சொல்வது?

அந்த அக்காவிடம் "ஒரு முறைப்பாடு எழுதுவோமா?" என்று கேட்டபோது அவர் உடனே மறுத்தார். "நாங்கள் வந்த இடத்தில இருக்கிற ஆக்கள். எங்களுக்கு ஏன் இந்த வேலை?" என்றார். அந்தப் பயம் சும்மா வந்ததல்ல. கொழும்பில் பொலிஸ் பதிவுக்காக வரிசையில் நின்றவர்கள் நாங்கள். 2007 ஜூன் 7 ஆம் திகதி விடியற்காலையில் விடுதிகளிலிருந்து முந்நூறுக்கும் மேற்பட்ட தமிழர்களை பஸ்களில் ஏற்றி வவுனியாவுக்கும் வேறு இடங்களுக்கும் அனுப்பினார்கள். மறுநாள் உயர் நீதிமன்றம் அதைத் தடைசெய்தது. ஆனாலும் அந்த விடியற்காலை மனதை விட்டுப் போகவில்லை. இப்படி வாழ்ந்தவர்கள் கானைப் பற்றி வாய் திறப்பார்களா?

திறக்கவேண்டும் என்றுதான் சொல்வேன். நாங்கள் வாடகைக்கு இருந்தாலும் அந்தத் தண்ணீர் எங்கள் வாசலால்தான் போகிறது. அதற்கு முறைப்பாடு செய்யக் காணி உறுதி தேவையில்லை.

1980 ஆம் ஆண்டின் 47 ஆம் இலக்க தேசிய சுற்றாடல் சட்டத்தின் கீழ், மாசை வெளியேற்றக்கூடிய தொழில்களுக்குச் சுற்றாடல் பாதுகாப்பு அனுமதிப்பத்திரம் வேண்டும். 1988 ஆம் ஆண்டுத் திருத்தத்தில் வந்த ஏற்பாடு இது. தொழிலின் ஆபத்தைப் பொறுத்து, பெரியவற்றுக்கு மத்திய சுற்றாடல் அதிகார சபையும் சிறியவற்றுக்கு மாநகர சபை, நகர சபை, பிரதேச சபை போன்ற உள்ளூராட்சி மன்றமும் இதனை வழங்குகின்றன. அதில் நிபந்தனைகள் எழுதப்பட்டிருக்கும். நிபந்தனையை மீறினால் அனுமதிப்பத்திரத்தை நிறுத்தலாம். 2016 ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி, இந்த இடத்துக்கு அனுமதிப்பத்திரம் உண்டா, நிபந்தனைகள் எவை என்று எந்தப் பிரசையும் எழுத்தில் கேட்கலாம். தகவல் அலுவலர் 14 வேலை நாட்களுக்குள் முடிவைச் சொல்லவேண்டும். பொதுத் தொல்லை என்று நீதவானிடம் போகும் வழியும் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டத்தில் உண்டு.

தமிழில் எழுதலாமா என்று கேட்பீர்கள். எழுதலாம். அரச அலுவலகங்களோடு தமிழில் தொடர்புகொள்ளும் உரிமையை அரசியலமைப்பு தருகிறது.

எழுதும்போது கோபத்தை எழுதவேண்டாம். கண்டதை எழுதுங்கள். எந்தத் திகதி, எத்தனை மணி, மழை தொடங்கி எவ்வளவு நேரத்தில், எந்தக் கான், தண்ணீரின் நிறம் என்ன, மணம் என்ன, அது எங்கே போய்ச் சேர்ந்தது. தொலைபேசியில் ஒரு படம் எடுத்து வையுங்கள். மற்றவர் வளவுக்குள் போகவேண்டாம், வீதியில் நின்று எடுத்தால் போதும். முதலில் உங்கள் பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடமும் மாநகர சபையிடமும் கொடுங்கள். கால்வாய் என்றால் காணி அபிவிருத்திக் கூட்டுத்தாபனத்துக்கும் ஒரு பிரதி அனுப்புங்கள். பெரிய தொழிற்சாலை என்றால் பத்தரமுல்லையில் உள்ள சுற்றாடல் அதிகார சபைக்கு எழுதுங்கள். பதிவுத் தபாலில் அனுப்பி, பற்றுச்சீட்டைக் கவனமாக வையுங்கள். ஒருவர் எழுதுவதை விடப் பத்துப் பேர் கையெழுத்திடுவது நல்லது. அந்தப் பத்துப் பேரில் சிங்களச் சகோதரியும் முஸ்லிம் சகோதரியும் இருந்தால் இன்னும் நல்லது. கானுக்கு இன வேறுபாடு இல்லை.

எங்கள் ஒழுங்கையில்

எங்கள் கதை எப்படி முடிந்தது என்று சொல்லவேண்டும். நாங்கள் எழுதும் முன் ஒருமுறை பேசிப் பார்ப்போம் என்று முடிவு செய்தோம். ஒரு ஞாயிற்றுக்கிழமை நான்கு பெண்கள் போனோம். அக்காவும் வந்தார். முதலாளி ஒரு சிங்களவர். முதலில் எரிச்சலோடு பேசினார். எனக்குத் தெரிந்த சிங்களத்தில் நான் ஆரம்பிக்க, அக்காவோ தமிழிலேயே தன் கிணற்றுக் கதையைச் சொன்னார். அந்த மனிதர் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு தன்னுடைய ஊரும் களனிக் கரைதான் என்றார்.

அடுத்த மாதம் பரல்களுக்கு மேல் தகரம் வந்தது. கழிவு எண்ணெயைச் சேர்த்துக் கொடுக்கத் தொடங்கினார். எண்ணெய் பிரிக்கும் தொட்டி மட்டும் வரவில்லை. காசு இல்லை என்றார். அதற்காக நாங்கள் மாநகர சபைக்கு எழுதினோம். ஒரு அதிகாரி வந்து பார்த்துவிட்டுப் போனார். நாங்கள் அந்த ஒழுங்கையை விட்டு வரும்வரை தொட்டி கட்டப்படவில்லை. ஆனால் அடுத்த ஐப்பசியின் முதல் மழையில் கானில் ஓடிய படலம் முன்னரைப் போல் தடிப்பாக இல்லை. அக்கா வாசலில் நின்று பார்த்தார். குனிந்து மணந்தும் பார்த்தார்.

"குறைஞ்சிருக்கு" என்றார். "ஆனா இன்னும் இருக்கு. திரும்ப ஒருக்கா எழுதுவம்."

வருகிற முதல் மழைக்கு உங்கள் ஒழுங்கையின் கானை ஒருமுறை பாருங்கள், சகோதரிகளே. கண்டதைத் திகதியோடு ஒரு கொப்பியில் குறித்து வையுங்கள்.